மூடிய பெட்டியும் முதியோன் வினாவும்

(பிறமொழித் திரைப்படம் ஒன்றை இலக்கியம்போற் பயிலும் முறை)

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்த நம் முன்னோர், கண்ணாற் கண்டு உணரும் கலையையும் மொழியின் ஒரு கூறாகவே கொண்டனர். ஆயினும் நம் வகுப்பறைகளில் இயற்றமிழே முதலிடம் பெற்றது. நாடகம் விழா மேடைக்கு உரியதாயிற்று. நாடகத்தின் வழிவந்த திரைப்படமோ வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்டது. நல்ல திரைப்படம் நல்ல நூலைப் போலக் கற்கத்தக்கது என்பதும், அது பிறமொழிப் படமாயின் கற்பார் பெறும் பயன் இருமடங்காகும் என்பதும் எம் துணிபு. அத்துணிபை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் எடுத்துக்கொண்ட படம், பிரசன்ன விதானகே அவர்கள் சிங்கள மொழியில் இயக்கி 1997 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட 'புரஹந்த களுவர' என்பது. 'புர ஹந்த' என்பது முழுமதி. 'களுவர' என்பது இருள். முழுமதி நாளின் இருள் என்பது தலைப்பின் பொருள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நமக்குச் சிங்களம் அயல்நாட்டு மொழியன்று, அயல்வீட்டு மொழி. கடைத்தெருவிலும் பேருந்திலும் கந்தோரிலும் அதனை நாள்தோறும் கேட்கின்றோம், பேசுகின்றோம். எனினும் விலை கேட்கவும் வழி கேட்கவும் போதுமான மொழியறிவு, அயல்வீட்டார் துயரைக் கேட்கவும் போதுமோ? இப்படம் நம்முன் வைக்கும் முதல் வினா இதுவே.

படத்தின் கதை

வறட்சியால் வாடும் வடமத்திய மாகாணச் சிற்றூர் ஒன்றில் வன்னிஹாமி என்னும் முதியவர் வாழ்கின்றார். அவருக்குக் கண்பார்வை இல்லை. அவருடைய மகன் பண்டார இராணுவத்திற் சேர்ந்து போர்முனைக்குச் சென்றவன். ஒருநாள் அவனுடைய உடல் எனச் சொல்லப்பட்ட சவப்பெட்டி ஒன்று ஊருக்கு வந்து சேர்கின்றது. அப்பெட்டி திறக்கப்படாதவாறு மூடி முத்திரையிடப்பட்டது. ஊரார் அழுகின்றனர், பெட்டி அடக்கம் செய்யப்படுகின்றது. தந்தை மட்டும் தம் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்க மறுக்கின்றார்.

போரில் இறந்த வீரனின் குடும்பத்துக்கு அரசு வழங்கும் நட்டஈடு ஓர் இலட்சம் ரூபா. அதனைப் பெறுதற்குத் தந்தையின் ஒப்பம் வேண்டும். மகன் தொடங்கிய வீடு கட்டி முடியாது நிற்கின்றது. மணம் பேசப்பட்ட இளைய மகள் சுனந்தா வீட்டில் இருக்கின்றாள். பத்திரத்தில் ஒப்பமிடுமாறு பலரும் பல முறையும் வேண்டுகின்றனர். முதியவர் ஒப்பமிடவில்லை. ஈற்றில் அவர் தாமே மண்வெட்டியை எடுத்துப் புதைகுழியைத் தோண்டத் தொடங்குகின்றார். பெட்டி திறக்கப்படுகின்றது. அதனுள்ளே மகனின் உடல் இல்லை.

கதை இவ்வளவே. படம் ஓடும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. உரையாடல் மிகக் குறைவு. பாடலும் ஆடலும் போர்க்களக் காட்சியும் இல்லை. போரைப் பற்றிய இப்படத்தில் போர் நடைபெறும் இடத்தை நாம் காண்பதே இல்லை. அது வீட்டுக்கு அனுப்பிய பெட்டியை மட்டுமே காண்கின்றோம்.

வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரம அவர்கள் நம் சப்ரகமுவ மண்ணின் மைந்தர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் 1927 ஆம் ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத்து லெல்லோப்பிட்டியவிற் பிறந்தவர். தொடக்கத்தில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்று, பின்னர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'பெத்தேகம' முதலிய படங்களில் ஆழமான பாத்திரங்களை ஏற்றார். வன்னிஹாமி பாத்திரத்துக்காக 1999 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2011 ஆம் ஆண்டில் மறைந்தார். இறப்பர் மரங்களுக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து எழுந்த இக்கலைஞரை நம் மாணாக்கருட் பலர் அறியார்.

அழுகைக்கு நான்கு நிலைக்களம்

இனிப் படத்தை இலக்கியக் கண்கொண்டு நோக்குவோம். உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கூறி, அவற்றுள் அழுகை பிறத்தற்கு நான்கு காரணங்களை வகுத்தார். பிறரால் இகழப்படுதலாகிய இளிவு, உயிரையோ பொருளையோ இழத்தலாகிய இழவு, முன்னைய நிலை கெட்டுத் தளர்தலாகிய அசைவு, இல்லாமையாகிய வறுமை என்பன அவை.

இந்நான்கும் ஒரு சிறு வீட்டினுள்ளே ஒருங்கே குடிபுகுந்திருத்தலை இப்படத்திற் காண்கின்றோம். மகனைப் பறிகொடுத்தமை இழவு. உழைக்கும் கை போனபின் வீடு நிற்கும் நிலை வறுமை. குடும்பத் தலைவராயிருந்தவர் பிறர் கூறியபடி ஒப்பமிட வேண்டியவராய்த் தாழ்ந்தமை அசைவு. உண்மையை வினவியதனாலேயே 'கிழவருக்கு மனம் பேதலித்தது' என்பதுபோல் ஊரார் நோக்க நேர்ந்தமை இளிவு. பழைய இலக்கணம் பழைய செய்யுளுக்கு மட்டும் உரியது என எண்ணும் மாணாக்கர், சிங்களப் படம் ஒன்றில் அது பொருந்தி நிற்றலைக் கண்டால் அவ்விலக்கணத்தின் அருமையை உணர்வர்.

இவ்வளவு அழுகைக்கு இடமிருந்தும் முதியவர் கதறி அழுவதில்லை என்பது நோக்கத்தக்கது. அவருடைய துயரம் கைகளிலும் நடையிலும் தலையைச் சாய்த்துக் கேட்கும் பாங்கிலும் புலப்படுகின்றது. நம் திரைப்படங்கள் பலவற்றில் துயரம் வசனமாகக் கொட்டப்படும். இங்கோ துயரம் அடக்கப்படுகின்றது. அடக்கப்படுவதனாலேயே அது காண்பார் நெஞ்சிற் பெருகுகின்றது. அவர் ஒப்பமிட மறுத்து நிற்கும் நிலையில் அழுகையோடு பெருமிதமும் கலந்துள்ளது. தறுகண் என்னும் அஞ்சாமையைப் பெருமிதத்துக்குக் காரணமாகச் சொன்ன தொல்காப்பியர், அது வாளேந்தியவனுக்கே உரியதெனச் சொல்லவில்லை.

அன்றைய தாயும் இன்றைய தந்தையும்

புறநானூற்றின் 278 ஆம் பாட்டு காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் எனப் பலர் சொல்லக் கேட்ட முதிய தாய் ஒருத்தி, வாளேந்திப் போர்க்களம் சென்று, வீழ்ந்து கிடந்த உடல்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து கிடந்த தன் மகனின் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிது மகிழ்ந்தாள் என்பது அதன் பொருள். இப்பாட்டை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே நாம் கற்பித்து வந்துள்ளோம். இப்படத்தைக் கண்டபின் அதே பாட்டில் வேறொன்றும் நம் கண்ணுக்குப் புலனாகின்றது.

அத்தாய்க்குத் தன் மகனின் உடலைத் தேடிக் காணும் உரிமை இருந்தது. பிறர் சொன்ன செய்தியை அவள் அப்படியே ஏற்கவில்லை. தானே சென்று ஆராய்ந்தாள். அவளை எவரும் தடுத்திலர். இக்காலப் போரில் களம் தொலைவில் உள்ளது. கண்ணிவெடியும் எறிகணையும் உடலையே இல்லாதாக்குகின்றன. இல்லத்துக்கு வருவது பெட்டியும் பத்திரமும் மட்டுமே. 'திறவாதே, நம்பு' என்பது இக்காலத்தின் கட்டளை. அன்று தாய் கண்டு தெளிந்தாள். இன்று தந்தை காணாமலே தெளிய வேண்டியவராயினார்.

இதனை உணர்த்தவே இயக்குநர் முதியவரைப் பார்வையற்றவராகப் படைத்தார் போலும். கண்ணில்லாதவர் ஒருவரே காண வேண்டும் என்கின்றார். கண்ணுடையவர் எல்லோரும் காணாதிருக்க உடன்படுகின்றனர். முழுமதி நாளின் இருள் என்னும் தலைப்பின் உள்ளுறையும் இதுவே எனலாம்.

மறைபொருளைக் காப்பவர் யாவர்?

குடும்ப மறைபொருள் என்றவுடன் ஒரு கொடியவன் வஞ்சகமாக மறைத்துவைத்த செய்தியை நாம் எதிர்பார்க்கின்றோம். இப்படத்தில் அத்தகைய கொடியவன் இல்லை. பெட்டியைத் திறவாதிருக்க விரும்பும் ஒவ்வொருவரிடமும் ஒரு தேவை இருக்கின்றது. பாதி எழுந்த சுவருக்குக் கூரை வேண்டும். மகளுக்கு வாழ்வு வேண்டும். கடன் கொடுத்தவனுக்குப் பணம் வேண்டும். அலுவலருக்குக் கோவை முடிய வேண்டும். முதியவரின் மனம் மேலும் புண்படலாகாது என்னும் அன்பும் சிலரிடம் உண்டு. வறுமையும் அன்பும் சேர்ந்தே மறைபொருளைக் காவல் செய்கின்றன. போர் ஒரு குடும்பத்தின் உயிரைக் கவர்வதோடு நில்லாது, எஞ்சியோரின் வாயையும் அவர்களுடைய தேவையைக் கொண்டே கட்டிவிடுகின்றது என்பது இப்படத்தின் உயிர்க்கருத்து.

பெட்டிக்கு நேர்ந்தது படத்துக்கும் நேர்ந்தது. 2000 ஆம் ஆண்டில், போர் உச்சநிலையில் இருந்த காலத்தில், இப்படத்தைத் திரையிடுதல் அரசினால் நிறுத்தப்பட்டது. இயக்குநர் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்தார். 2001 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்துத் திரையிட வழிசெய்தது. படம் திரைக்கு வந்தபோது மக்கள் திரளாகச் சென்று கண்டனர். காணலாகாது என்று சொல்லப்பட்டதைக் காணும் வேட்கை வன்னிஹாமி ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

ஒப்புநோக்கத் தக்க இரு படங்கள்

இதே பொருளை வேறு வகையில் ஆராயும் இரண்டு படங்களைச் சுருங்கச் சுட்டுவோம்.

லெபனானிற் பிறந்த வஜ்டி முவாவத்தின் நாடகத்தைத் தழுவி, கனடாவின் டெனி வில்னேவ் 2010 ஆம் ஆண்டில் இயக்கிய படம் 'இன்சென்டீஸ்'. தாய் இறந்தபின், இரட்டையரான மகளிடமும் மகனிடமும் நொத்தாரிசு இரண்டு கடிதங்களைக் கையளிக்கின்றார். ஒன்று, இறந்துவிட்டார் என அவர்கள் எண்ணியிருந்த தந்தைக்கு. மற்றையது, இருப்பதையே அவர்கள் அறியாத தமையனுக்கு. அக்கடிதங்களைச் சேர்ப்பிக்கும் பொருட்டுத் தாயின் நாட்டுக்குச் செல்லும் மக்கள், உள்நாட்டுப் போர் அவளுக்குச் செய்த கொடுமையையும் தம் பிறப்பின் உண்மையையும் அறிகின்றனர். தாய் தன் வாழ்நாளிற் சொல்லவியலாததைத் தன் மரண சாசனத்தின் வழியே சொன்னாள்.

மற்றையது, விதானகே அவர்களே 2012 ஆம் ஆண்டில் இயக்கிய 'ஒப நத்துவ ஒப எக்க'. உருசிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி 1876 ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதையை நம் மலையகத் தேயிலை நாட்டுக்குக் கொணர்ந்த படம் அது. அடகுக்கடை நடத்தும் சிங்களவர் ஒருவர், வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணை மணக்கின்றார். தாம் முன்னர் இராணுவ வீரராயிருந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளோ தன் உடன்பிறந்தாரைப் போரில் இழந்தவள். உண்மை வெளிப்பட்டபின் அவ்வீடு தாங்கவில்லை. கதை அவளுடைய மரணத்தில் முடிகின்றது.

மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மறைபொருளைத் திறத்தல் எப்போதும் நன்மையே தரும் என இப்படங்கள் கூறவில்லை; திறவாது விடுதல் நன்று எனவும் கூறவில்லை. திறப்பவர் யார், எப்போது, எத்தகைய அன்போடு திறக்கின்றார் என்பதைப் பொறுத்தே அது மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகின்றது. வன்னிஹாமியின் மகன் புதைகுழியை அவருக்காகப் பிறர் தோண்டத் தொடங்கவில்லை, அவரே தொடங்கினார். அவ்வுரிமை துயருற்றவருக்கே உரியது.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். 'ஐயா, அம்மகன் இராணுவ வீரன் அல்லனோ? எம்மவர் அழிந்த போரில் ஆயுதம் ஏந்திச் சென்றவனின் தந்தைக்காக யாம் ஏன் உருக வேண்டும்?' என மாணாக்கன் ஒருவன் கேட்பானாயின், அவனை அதட்டி அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. அவ்வினா நேர்மையானது.

அதற்கு யாம் கூறும் விடை இது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது, இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தனர். கழாத்தலையாரும் பரணரும் அதனைப் பாடினர். புறநானூற்றின் 62, 63 ஆம் பாட்டுகள் அவை. ஒரு பக்கத்தின் வெற்றியை அவர்கள் பாடவில்லை. இரு பக்கத்தின் அழிவையும் பாடினர். ஒருவர் துயரை உணர்தல் அவர் பக்கம் சேர்தல் ஆகாது. தான் பட்ட துயரை மறத்தலும் ஆகாது. பிறர் துயரை அளக்கத் தெரிந்தவனுக்கே தன் துயரை அளந்து சொல்லும் சொல்லும் வாய்க்கும்.

அன்றியும் வன்னிஹாமியின் வினாவைத் தமிழ்த் தாயரும் வினவினர். கிளிநொச்சியில் 2017 ஆம் ஆண்டு பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாயரும் உறவினரும் புகைப்படங்களை ஏந்தித் தொடர்போராட்டத்தில் அமர்ந்தனர். நட்டஈட்டுக்கும் மரணச் சான்றிதழுக்கும் முன்னே 'என் பிள்ளை எங்கே?' என்பதற்கு விடை வேண்டும் என்றனர். காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டதும் அவ்வினா ஓயாமையினாலேயே. சிங்களத் தந்தைக்குப் பெட்டி வந்தது. தமிழ்த் தாய்க்குப் பெட்டியும் வரவில்லை. வேறுபாடு பெரிது, வினா ஒன்றே.

நம் லயங்களின் மௌனம்

சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் மறைபொருள் ஏது எனப் பிறர் நினைப்பர். அடுத்த வீட்டு இருமல் கேட்கும் அவ்விடத்திலும் மூடிய பெட்டிகள் உள. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அதனால் உடன்பிறந்தார் ஒருவர் கப்பலேற, மற்றவர் இங்கே தங்க நேர்ந்த குடும்பங்கள் பல. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் நம் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் பல எரியுண்டன. அஞ்சியோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். அங்கே 2009 ஆம் ஆண்டு வரை நீண்ட போருக்குள்ளும் அகப்பட்டனர்.

அந்நாள்களைக் கண்ட முதியோர் இன்றும் நம் வீடுகளில் உளர். அவர்கள் பேசுவதில்லை. அம்மௌனம் பெரும்பாலும் அன்பினால் விளைந்தது. பேரப்பிள்ளை அயற்கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாட வேண்டும், அதே கடைக்குச் செல்ல வேண்டும், அதே பேருந்தில் ஏற வேண்டும். அவன் நெஞ்சில் நஞ்சு புகலாகாது என அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தை நாம் மதித்தல் வேண்டும்.

ஆயினும் மூடிய பெட்டியினுள்ளே தீமை மட்டும் கிடப்பதில்லை. தீ வைத்தவர் இருந்த அதே காலத்தில், தம் வீட்டினுள்ளே தமிழரை ஒளித்துவைத்துச் சோறிட்டுக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். தீமையைச் சொல்லாது விட்டபோது அந்நன்றியும் சொல்லப்படாது போயிற்று. பேரன் பகையை அறியாது வளர்ந்தான். தன் குடும்பம் யாருடைய கருணையால் உயிர்தப்பியது என்பதையும் அறியாது வளர்ந்தான். மௌனத்தால் நேர்ந்த பெரும் இழப்பு இது என யாம் கருதுகின்றோம்.

பயிலும் முறை

இத்தகைய படத்தை மாணாக்கர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, கதையை முன்கூட்டிச் சொல்லாதிருத்தல். தலைப்பின் பொருளும், காலமும் இடமும் மட்டும் சொன்னாற் போதும்.

இரண்டாவது, முறைப்பெயர்களைக் கேட்கச் செய்தல். அம்மா, அக்கா என்பன இரு மொழிக்கும் பொது. 'தாத்தா' எனச் சிங்களப் பிள்ளை அழைப்பது தந்தையை. நாம் அழைப்பது பாட்டனை. 'ஐயா' என்பது அவர்க்குத் தமையன். ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாகும் இச்சொற்கள், கேட்டவுடன் விளங்கிவிட்டதாக எண்ணுதல் தவறு என்பதை நன்கு புகட்டும்.

மூன்றாவது, பேச்சில்லாத காட்சிகளைக் குறித்துக்கொள்ளச் செய்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மெய்ப்பாட்டை எழுதச் செய்தல்.

நான்காவது, படம் முடிந்தவுடன் வினவாது, ஓர் இரவு கழிந்தபின் கீழ்க்காணும் வினாக்களை எழுப்புதல்.

1. வன்னிஹாமி ஒப்பமிட மறுத்தது மகள்மீது அன்பின்மையாலா? காரணம் காட்டுக.
2. பெட்டியில் உடல் இல்லை என்பதனால் மகன் உயிரோடு இருக்கின்றான் என்பது பெறப்படுமா?
3. ஓர் இலட்சம் ரூபாவை ஏற்கச் சொன்ன ஊராரைக் குற்றம் சாட்டலாமா?
4. புறநானூற்றுத் தாயையும் இத்தந்தையையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுக.
5. உம் இல்லத்து மூத்தவர் ஒருவரிடம் கேட்க விரும்பி இதுவரை கேளாத வினா யாது?

ஐந்தாம் வினாவுக்குரிய விடையை மாணாக்கன் ஆசிரியர்க்குக் காட்ட வேண்டுவதில்லை. அதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லட்டும். மூத்தவர் பேச விரும்பாவிடின் வற்புறுத்தலாகாது. கேட்டுவிட்டுக் காத்திருத்தலே முறை.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் அதுவே. விழா மண்டபத்தில் வாழ்த்துப்பாவுக்கும் பரிசளிப்புக்கும் இடமுண்டு. ஒரு மாலைப் பொழுதை இத்தகைய படத்துக்கும் ஒதுக்கலாம். அயற்பாடசாலைச் சிங்கள ஆசிரியரையும் மாணாக்கரையும் அழைத்து உடன் அமர்த்திக்கொள்ளலாம். படம் முடிந்தபின் எவரும் உடனே பேசாதிருப்பின் அதனைக் குறையாக எண்ண வேண்டா. முதலிற் பேசத் தொடங்குபவர் யாராயினும், அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் கேட்பாராயின் அம்மாலை பயனுடையதாகும்.